எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமுள்ள உயர்நிலைப் பள்ளி: குமரி மாவட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருகிறதா என்ற கேள்வியை இந்த மாவட்டம் எப்போதோ தாண்டிவிட்டது. வந்த பிள்ளை அங்கே எப்படி இருக்கிறது என்ற கேள்விதான் மிச்சம்.

ஒன்பதாம் வகுப்பில் இது திடீரென்று பெரிதாகும். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஊர்ப் பிள்ளைகள். உயர்நிலை, மேல்நிலைக்கு வரும்போதுதான் கடற்கரைப் பிள்ளையும், தோவாளை வயற்காட்டுப் பிள்ளையும், பேச்சிப்பாறை மலையிலிருந்து இறங்கி வரும் காணிப் பழங்குடிப் பிள்ளையும், மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். வயதும் பதினான்கு, பதினைந்து. ஒரு சொல் பட்டால் ஒரு வருடம் மறக்காத வயது.

இந்த வழிகாட்டி தலைமையாசிரியருக்கும், வகுப்பாசிரியருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் எழுதியது. 'நாம் எல்லாரும் சமம்' என்று காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பதால் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை என்பது என் கருத்து. பிள்ளை ஒதுக்கப்படுவது பதிவேட்டில், பெஞ்சில், சாப்பாட்டு நேரத்தில், கழிப்பறை வாசலில், பணம் வசூலிக்கும் விதத்தில். கை வைக்க வேண்டியதும் அங்கேதான். இதில் பாதிக்கு மேல் காசு கேட்காத வேலை.

படி 1: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

எந்தத் திட்டமும் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் பாருங்கள். இடைவேளையில் யார் எங்கே நிற்கிறார்கள்? சோற்றுப் பாத்திரத்தை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவது யார்? விளையாட்டு பீரியடில் எப்போதும் 'பை பார்த்துக்கொள்ள' உட்காரும் பிள்ளை யார்? தினமும் மதியம் நூலகத்தில் ஒதுங்கும் பிள்ளைக்குப் புத்தகத்தில் ஆசையா, இல்லை வெளியே நிற்க இடமில்லையா?

அடுத்து, வருகைப் பதிவேட்டில் கடந்த மூன்று மாதத்தைப் புரட்டுங்கள். ஒரு பெண்பிள்ளை மாதாமாதம் ஏறக்குறைய அதே நாட்களில் வரவில்லை என்றால் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். ஒரு பையன் உடற்கல்வி உள்ள நாளில் மட்டும் லீவு எடுக்கிறான் என்றால் மைதானத்தில் அவனுக்கு என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். முதல் பீரியடுக்கு எப்போதும் தாமதமாக வருகிறவன் விடியற்காலையில் அப்பாவோடு பால்வெட்டுக்குப் போய்விட்டு வருகிறவனாக இருக்கலாம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால் அந்த வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். குலசேகரம், கீரிப்பாறை பக்கம் இது தெரியாத ஆசிரியர் இருக்க மாட்டார். ஆனாலும் பையன் வாசலில் நிற்க வைக்கப்படுகிறான்.

பிறகு, பெயர் எழுதாத சீட்டு. 'உன்னிடம் யாராவது பாகுபாடு காட்டுகிறார்களா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

- பள்ளிக்கூடத்தில் நீ போகத் தயங்கும் இடம் எது?
- எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும்?
- ஒரு பிரச்சினை என்றால் எந்த ஆசிரியரிடம் சொல்வாய்? யாரும் இல்லை என்றால் ஒரு கோடு போடு.

சீட்டுகளை வகுப்பாசிரியர் படிக்கக் கூடாது, அவருக்குக் கையெழுத்து தெரியும். வேறு வகுப்பு எடுப்பவர் படிக்கட்டும். மூன்றாவது கேள்விக்கு எத்தனை கோடு விழுந்தது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். அந்த எண் பின்னால் தேவைப்படும்.

படி 2: பதிவேடு, பெஞ்சு, பட்டப்பெயர்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சொந்த வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியது உடன் படித்த பையன்கள், காரணம் சாதி. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம், அகரவரிசையில் உட்கார வையுங்கள் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

'நம்ம மாவட்டத்தில் அதெல்லாம் கிடையாது' என்று இங்கே சொல்வார்கள். ஆரல்வாய்மொழி தாண்டினால் நாங்குநேரி அப்படி ஒன்றும் தூரமில்லை. அதோடு இங்கே அரிவாள் வேண்டியதில்லை, மூன்று கேள்வி போதும்: 'எந்த ஊரு?', 'ஊர்ல எந்தப் பக்கம்?', 'எந்தக் கோயில், சி.எஸ்.ஐ.யா ஆர்.சி.யா?' பிள்ளையின் சாதி, சபை, தெரு மூன்றும் வெளியே வந்துவிடும். சில ஆசிரியர்களே முதல் நாள் அறிமுகத்தில் இதைக் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக 'எந்த பஸ்ஸில் வருகிறாய்?' என்று கேளுங்கள். வேலைக்கு ஆகும் தகவல் அதில்தான் இருக்கிறது.

உடனே நிறுத்த வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. உதவித்தொகைப் படிவம் வந்ததும் வகுப்பில் நின்று 'எஸ்.சி. பிள்ளைகள் எழுந்திரிங்க' என்று கூப்பிடுவது. கூப்பிடுகிறவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அலுவலக வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழுந்து நின்ற பிள்ளை வருடம் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறது. எல்லா மாணவர்களையும் ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு வரவழைத்து விவரம் சரிபார்த்து அனுப்புங்கள். அந்த வரிசையில் யார் எதற்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பில் வாசிக்கும் பதிவேட்டில் சாதிக் குறிப்பு, உதவித்தொகைக் குறிப்பு எதுவும் இருக்க வேண்டாம்.

பெஞ்சைப் பொறுத்தவரை அகரவரிசை நல்ல தொடக்கம். இனிஷியலை விட்டுவிட்டுப் பிள்ளையின் பெயரால் வரிசைப்படுத்துங்கள், மாதம் ஒருமுறை வரிசையை நகர்த்துங்கள். கண்பார்வை, காது கேட்பதில் சிரமம் உள்ளவர்கள் மட்டும் முன்னால். மற்றவர்களுக்குச் 'சிறப்பு ஏற்பாடு' செய்ய ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் பழைய கூட்டணிகள் திரும்பிவிடும்.

பட்டப்பெயர்தான் கஷ்டமான விஷயம். கடற்கரைப் பிள்ளை வகுப்புக்குள் வந்ததும் மூக்கைப் பொத்துவது இந்த மாவட்டத்தின் பழைய வியாதி. மீன் இல்லாமல் ஒரு நாள் சாப்பிடாதவர்களும் இதைச் செய்கிறார்கள். ஆசிரியர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனால் வகுப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே, சத்தம் போடாமல், 'இந்த வகுப்பில் இது கிடையாது' என்று ஒரே வரியில் நிறுத்துங்கள். நீண்ட அறிவுரை வேண்டாம். அறிவுரை நீள நீள அந்தப் பிள்ளைதான் கூனிக் குறுகும்.

வரலாற்றுப் பாடத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தோளில் சீலை போடும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. தலைப்பாகை கட்டக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார் அய்யா வைகுண்டர். சாமித்தோப்பில் இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. இதைப் பாடமாக நடத்தலாம், நடத்த வேண்டும். ஆனால் 'உங்க ஆளுங்கதான் அப்ப கஷ்டப்பட்டாங்க' என்று ஒரு பெஞ்சைப் பார்த்துச் சொன்னால் பாடம் கெட்டுவிடும்.

படி 3: சோறும் சாமியும்

சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றில் சேர்ந்த பிள்ளை போன வருடம் வரை சாப்பிட்டுக்கொண்டிருந்த வரிசையிலிருந்து திடீரென்று விலகுகிறது. மதியம் தண்ணீர் குடித்துவிட்டுத் திரியும் பிளஸ் ஒன் பிள்ளையைக் கண்டுபிடிப்பது வகுப்பாசிரியர் வேலை. முன்னாள் மாணவர்களோ உள்ளூர்க் கடைக்காரரோ உதவ முன்வந்தால் யார் சாப்பிடுகிறார் என்பது வெளியே தெரியாதபடி ஏற்பாடு செய்யுங்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு நாளை வாரத்தில் வைக்கலாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவரும் பிள்ளையும் சப்பாத்தி கொண்டுவரும் பிள்ளையும் பக்கத்தில் உட்காரட்டும். பங்கிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், தானாக நடக்கும்.

மதத்தைப் பற்றி இந்த மாவட்டம் எச்சரிக்கையாக இருக்கக் காரணம் உண்டு. 1982 மண்டைக்காடு கலவரத்தை நேரில் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்கள் சொன்ன கதைகளோடுதான் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளியில் செய்ய வேண்டியது எளிது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே நாட்காட்டியில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, ரம்ஜான், தக்கலை பீர் முகமது அப்பா ஆண்டு விழா, சாமித்தோப்புத் திருநாட்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். அவற்றுக்கு அடுத்த நாள் தேர்வு வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் சிறப்பு வகுப்பு வேண்டாம். எந்த நிர்வாகம் நடத்தும் பள்ளியானாலும், வேறு மதப் பிள்ளை வழிபாட்டு நேரத்தில் அமைதியாக இருந்தால் போதும், சேர்ந்து சொல்ல வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

படி 4: பேச்சைக் கேலி செய்யாத வகுப்பு

1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். துறைமுகங்களிலும் செங்கல் சூளைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் வேலை செய்ய வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இப்போது பள்ளிகளில் சேர்கிறார்கள். காணிப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு வேறு.

புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் பருவத்தில் வாய்மொழியாகப் பதில் சொல்ல இடம் கொடுங்கள். அறிவியல், கணக்குப் பாடங்களின் முக்கியச் சொற்களைத் தமிழிலும் அந்தப் பிள்ளையின் மொழியிலும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். அந்த மொழி தெரிந்த மூத்த மாணவர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டு துணைகளை நியமியுங்கள், ஒருவரை மட்டும் அல்ல. ஒருவர் லீவு போட்டால் பிள்ளை தனியாகிவிடும்.

இன்னொன்று நமக்குள்ளேயே நடக்கும் கேலி. வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர் 'இது என்ன தமிழ்?' என்று சிரிப்பதும், நாகர்கோவில் பிள்ளை களியக்காவிளைப் பிள்ளையின் இழுவையைப் பார்த்துச் சிரிப்பதும். விடைத்தாளில் எழுத்துத் தமிழ் வேண்டும், சரி. வாயைத் திறந்து பேசும்போது 'மக்கா' என்றால் என்ன குறைந்துபோகிறது?

படி 5: மாற்றுத்திறன் பிள்ளைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் பல கண்ணுக்குத் தெரியாதவை. கற்றல் குறைபாடு அதில் ஒன்று. ஒன்பதாம் வகுப்பு வரை 'சோம்பேறி', 'மண்டையில் ஏறாது' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலர் உண்மையில் எழுத்துகள் குழம்பித் தெரிகிறவர்கள். சந்தேகம் வந்தால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைக் கூப்பிடுங்கள்.

காலம் முக்கியம். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அவற்றுக்கு மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றுக்கு விண்ணப்பிக்க வைத்துவிடுங்கள்.

கட்டடத்தைப் பற்றி: சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். அதாவது 30 செ.மீ. உயரம் ஏற 3.6 மீட்டர் நீளம். பல இடங்களில் கட்டியிருப்பது சைக்கிள் ஏற்றக்கூட ஆகாத சறுக்குமரம். அதுவும் வாசலோடு நின்றுவிடும். கழிப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் மேடைக்கும் வழி இருக்காது. நம்முடைய பள்ளிகள் பல மேடு பள்ளத்தில் நிற்பவை. அதோடு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், நடைபாதையில் பாசி பிடிக்காத மாதம் குறைவு. ஊன்றுகோல் வைத்து நடக்கும் பிள்ளைக்கு ஜூனிலும் அக்டோபரிலும் பாசியைச் சுரண்டுவதே பெரிய உதவி. சக்கர நாற்காலிப் பிள்ளை இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு இறக்க ஒரு ரூபாய் செலவில்லை. ஆனாலும் 'பிளஸ் டூ எப்பவும் மாடியில்தான்' என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு.

வகுப்பறைக்குள்: கரும்பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு உங்கள் முதுகு எதுவும் சொல்லாது.

படி 6: கழிப்பறை

சாப்பாட்டுக்கு அடுத்து அதிகப் பிள்ளைகளைத் தொடுவது இதுதான். ஆனால் ஆய்வு வரும் நாளில் மட்டும்தான் கழுவப்படும். தாழ்ப்பாள், தண்ணீர், மூடி போட்ட குப்பைத் தொட்டி, உடை மாட்ட ஒரு கொக்கி என்ற நான்கையும் மாணவிகள் இருவரும் ஓர் ஆசிரியையும் வாரம் ஒருமுறை பார்க்கட்டும். நாப்கின் ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டியிருந்தால் கொடுத்ததாக ஆகாது. கேட்காமல் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

தன்னைப் பெண்ணாக உணரும், ஆண் என்று பதிவான பிள்ளை, அல்லது அதற்கு மாறாக இருப்பவர், பெரும்பாலும் நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கிக்கொண்டுதான் பள்ளியை முடிக்கிறார்கள். 2014 நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் பாலின அடையாளத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையை அங்கீகரித்தது. 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டம் கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. நடைமுறையில், பூட்டுள்ள தனிக் கழிப்பறை ஒன்றை 'யாரும் பயன்படுத்தலாம்' என்று திறந்துவிடுங்கள். யார் போனாலும் கேள்வி வராது. பிள்ளை நம்பி ஓர் ஆசிரியரிடம் சொன்னதை ஆசிரியர் அறையில் பேசக் கூடாது, பிள்ளையைக் கேட்காமல் வீட்டுக்கும் சொல்லக் கூடாது. வீட்டில் அடி விழுமா என்பது பிள்ளைக்குத்தான் தெரியும்.

படி 7: பணத்தின் நாட்காட்டி

மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி திறப்பதும் ஜூன். இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நிற்கிறது. ஆக, ஒன்பதில் சேரும் மீனவப் பிள்ளைக்குப் புதுச் சீருடை தைக்க வேண்டிய மாதமும் வீட்டில் வருமானம் நிற்கும் மாதமும் ஒன்று. அதே ஜூனில் மழை பிடித்தால் பால்வெட்டும் நின்றுவிடும். கடலோரமும் மலையோரமும் ஒன்றாகக் கை வறளும் நேரத்தில்தான் பள்ளி எல்லா வசூலையும் வைக்கிறது. எட்டாம் வகுப்புச் சீருடையோடு செப்டம்பர் வரை வரலாம் என்று எழுதியே கொடுங்கள். சுற்றுலா, சங்கக் கட்டணங்களை ஆகஸ்டுக்குப் பிறகு தள்ளுங்கள். கட்டாதவர் பெயரை வகுப்பில் வாசிக்கவே கூடாது. செய்முறைத் திட்டத்துக்குக் கடையில் சார்ட் வாங்கித்தான் ஆக வேண்டுமா? பழைய காலண்டரின் பின்பக்கம் போதும் என்று விதியாகவே அறிவித்தால் எல்லாரும் ஒன்று.

உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களைப் பற்றி ஒன்பதாம் வகுப்பிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். 'பத்து முடித்ததும் வள்ளத்தில் ஏத்திடலாம்' என்ற முடிவு பல வீடுகளில் அப்போதுதான் எடுக்கப்படுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் அப்பாவை இழந்த சின்னப் பிள்ளைகள் இப்போது உயர்நிலை, மேல்நிலை வயதில் இருக்கிறார்கள். தூத்தூர், வள்ளவிளை பக்கப் பள்ளிகளில் நவம்பர் கடைசி வாரத்தில் 'என் தந்தை' என்று கட்டுரை கொடுக்காதீர்கள். புயல் எச்சரிக்கை நாளில் ஒரு பிள்ளை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 8: புகார் வந்தால்

இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்து, கை குலுக்க வைத்து அனுப்புவது நம் பள்ளிகளின் வழக்கமான தீர்வு. அது அடித்தவனுக்குச் சௌகரியம். தனித்தனியாகக் கேளுங்கள், எழுதிவையுங்கள். அடிபட்ட பிள்ளையின் பெஞ்சை மாற்றாதீர்கள், மாற்ற வேண்டியது மற்றவனை. ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை, 'இப்போ எப்படிப் போகுது மக்களே?' என்று கேளுங்கள். கேலி செய்தவனையும் விட்டுவிட வேண்டாம், அவன் வீட்டில் அவனுக்கு என்ன நடக்கிறது என்று விசாரித்தால் பாதி விடை கிடைக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடப்பதும் வகுப்பில் நடப்பதுதான். 'வெளியே நடந்தது, எங்களுக்குத் தெரியாது' என்று கை கழுவ முடியாது.

பாலியல் தொந்தரவு என்றால் பள்ளிக்குள் பேசி முடிக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. போக்சோ சட்டம், 2012இன்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. இரண்டையும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், அறிவிப்புப் பலகையில் நின்று எழுதிக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் துணிச்சல் வராது. பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியும் அப்படித்தான், தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால் காலியாகவே இருக்கும்.

படி 9: பெற்றோரைத் தேடிப் போங்கள்

காலை பத்து மணிக் கூட்டத்துக்கு வரமுடியாதவர்கள்தான் நாம் பார்க்க வேண்டியவர்கள். கடற்கரை ஊர்களில் பங்கு ஆலய வளாகத்தில் ஞாயிறு பூசை முடிந்த பிறகு வையுங்கள், தோட்டப் பகுதியில் மதியத்துக்கு மேல், காணிக் குடியிருப்புகளில் அங்கேயே போய். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் கூட்டத்தில் அவர்கள் பேசட்டும். மேலாண்மைக் குழுவிலும் எப்போதும் பேசுகிற அதே நாலு பேர் இல்லாமல், கடலோரம் ஒன்று, மலையோரம் ஒன்று, மாற்றுத்திறன் பிள்ளையின் அம்மா ஒருவர் என்று இருக்கும்படி பாருங்கள்.

எதை எப்போது

ஒன்பதையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் ஜூலையில் எல்லாம் நின்றுவிடும். ஜூனில் பதிவேடு, பெஞ்சு, கட்டணத் தள்ளிவைப்பு. காலாண்டு விடுமுறைக்குள் கழிப்பறையும் பாசியும். அக்டோபரில் ஒன்பதாம் வகுப்புச் சிறப்புத் தேவைப் பட்டியல். பெற்றோர் சந்திப்பு ஆகஸ்டில் தொடங்கி மாதம் ஓர் ஊர். அரையாண்டு முடிந்ததும் அதே மூன்று கேள்விச் சீட்டை மறுபடி கொடுத்து, கோடுகளை எண்ணுங்கள். குறையவில்லை என்றால் எந்த வகுப்பில் குறையவில்லை என்று பாருங்கள். அங்கே வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.